குழாய்த் தண்ணீருக்குக் கொடுத்த மதிப்பெண்

"நாறுதுன்னா நாறுதுன்னுதான் சொல்லுவேன்! மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிக்க நான் என்ன உங்க வீட்டுப் பூனையா?"

"நாறலைன்னு யாரு சொன்னா மைராம்கான்? உங்க வீட்டுல இருந்துதான் கிளம்புதுன்னு சொல்றேன். போன மாசம் புதுக் குழாய் போட்டது யாரு, நானா?"

"ஏன்டி கிளாரா, அஞ்சு மாடிக்கும் ஒரே தண்ணி. அது என் வீட்டுல மட்டும் இறங்கி நாத்தத்தைப் பூசிக்கிட்டா உன் வீட்டுக்கு வருது?"

"கட்டடத் தலைவிங்கிற முறையில கேக்கறேன், மரியாதையாப் பேசு!"

"தலைவிக்கு மூக்கு இருக்கா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல!"

சண்டை நடந்தது மூன்றாம் மாடிப் படிக்கட்டில். நான் தரைத்தளம். என் வீட்டுக் கதவு பழையது. படிக்கட்டில் யாராவது குரலை உயர்த்தினால் தானாகவே கொஞ்சம் திறந்துகொள்ளும்.

இரண்டு பெண்களுக்கும் நடுவில் காலி வாளியோடு நின்றவர் ஒரோஸ்பை, மைராம்கானின் கணவர். மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலிபஸ் ஓட்டுகிறார். மேலே போகும் கம்பியை விட்டு விலகாமல் போனால் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடலாம் என்று நம்பி இத்தனை வருடம் வாழ்ந்தவர். அன்றைக்குத்தான் கம்பி எங்கே போகிறது என்று தெரியாமல் நின்றார்.

மலையில் பனி உருகத் தொடங்கியதும் அந்த வாசனை வந்தது. தரைத்தளத்தில் எனக்கு அது காயாத காலுறை. இரண்டாம் மாடி வாத்தியாருக்கு அயோடின். மூன்றாம் மாடியில் கிளாராவுக்கு, அவித்து மறந்துபோன முட்டை. நான்காம் மாடியில் மைராம்கான் வீட்டில் குதிரைக்குப் புகட்டும் மருந்து. ஐந்தாம் மாடிக்குத் தண்ணீரே ஏறுவதில்லை. அவர்களுக்குப் புகாரும் இல்லை.

குதிரை மருந்து என்று பெயர் வைத்தது மைராம்கான் அல்ல, பெண் பார்க்க வந்த பூருல்சா. அங்கேதான் வந்தது வினை.

மைராம்கானின் மகள் பெர்மெத், மழலையர் பள்ளி ஆசிரியை. நரின் பக்கத்து மலையூரிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்க வந்த ஜென்கிஷுக்கும் இவளுக்கும் பிடித்துப்போயிற்று. (எந்தப் பூங்காவில், எந்தப் பெஞ்சில் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.) பையனின் தாய் பூருல்சா தோட்டுப் பெட்டியோடு மலைப் பேருந்தில் வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் தாய் கையால் காதில் தோடு ஏறிவிட்டால், எங்கள் பக்கம் பெண் அந்த வீட்டுப் பெண்.

பெர்மெத் தேநீர் ஊற்றினாள், முறைப்படி கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக. குறைத்து ஊற்றினால்தான் விருந்தாளி திரும்பத் திரும்பக் கிண்ணத்தை நீட்டலாம். நிறைத்து ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். பூருல்சா ஒரு வாய் உறிஞ்சினார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வந்த இடத்தில் துப்ப முடியுமா? கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"இதுல என்னம்மா போட்ட?"

"டீத்தூள்தாங்க."

"டீத்தூள் எனக்குத் தெரியும். இது வயித்து வலி வந்த குதிரைக்கு என் மகன் புகட்டறது. இப்பத்தானே விளங்குது! பய சரியாச் சாப்பிடறதில்ல, கூப்பிட்டாத் திரும்பறதில்ல, எந்நேரமும் பெர்மெத், பெர்மெத். எம்புள்ளைக்கு மருந்து வெச்சிருக்கீங்க!"

மைராம்கான் கையிலிருந்த ரொட்டித் தட்டு சாய்ந்தது. ஒரோஸ்பை, "ஐயோ, அது குழாய்த் தண்ணிங்க," என்றார்.

"எங்க ஊர்லயும் குழாய் இருக்கு. அதுல தண்ணிதான் வருது."

"சத்தியமாத் தண்ணிதாங்க."

"உங்க சத்தியத்தை நீங்களே வெச்சுக்குங்க. நாறுறது தண்ணிதான்னு சர்க்கார் சொல்லட்டும். அன்னைக்கு வந்து தோடு போடறேன்."

தோட்டுப் பெட்டி 'டப்' என்று மூடியது. தரைத்தளம் வரைக்கும் கேட்டது.

ஆக, ஒரோஸ்பைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தண்ணீர் நாறுகிறது என்று அரசாங்கத்தின் வாயால் ஒரு வார்த்தை. உலகத்திலேயே எளிதான காரியம் என்று நினைத்தார்.

எங்கள் நகரத்தில் இதற்கென்றே 'குடிநீர் வாசனை மதிப்பீட்டு ஆணையம்' இருக்கிறது. ஒரோஸ்பை ஒரு ஜாடியில் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். எனக்கும் அந்தப் பக்கம் ஏதோ வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

வாசலிலேயே பலகை: 'பூண்டு, புகையிலை, அத்தர், உணர்ச்சி ஆகியவற்றுடன் உள்ளே வரக் கூடாது.' உள்ளே உதவி மதிப்பீட்டாளர் ஐதார், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்தே சளியாம். ஜாடியைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"பைக்கே, திறக்காதீங்க! எதுல கொண்டுவந்தீங்க?" (பைக்கே என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.)

"டிராலிபஸ்லதான், தம்பி."

"அப்ப அது டிராலிபஸ் வாசனை. தண்ணி அது வீட்டுல இருக்கிறப்பதான் எங்களுக்குச் சாட்சி. வெளிய வந்துட்டா வழிப்போக்கன்."

பிறகு தலைமை மதிப்பீட்டாளர் ஏகெம்பெர்தி சாதிகோவிச்சின் அறை. அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஆள் உயர மரத்தாங்கி. அதன் மேல் மலையூற்றுத் தண்ணீர் நிரப்பிய பெரிய புட்டி.

"நீங்க குழாய்த் தண்ணி குடிக்கிறதில்லீங்களா?" என்றார் ஒரோஸ்பை. வஞ்சகமில்லாத மனிதர், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அது ஒப்பிட்டுப் பாக்க," என்று சொல்லி, ஒரு டம்ளர் பிடித்து ஒப்பிட்டார். இன்னொரு டம்ளரும் ஒப்பிட்டார். பிறகு விளக்கினார்.

"வாசனைக்கு நாங்க மதிப்பெண் போடறோம். பூஜ்யம்னா வாசனையே இல்ல. ஒண்ணுன்னா இருக்கு, ஆனா எங்களுக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டுன்னா, கவனிங்கன்னு யாராவது சொன்னாத்தான் ஜனங்களுக்குத் தெரியும். மூணுன்னா தானாத் தெரிஞ்சு முகம் சுளிப்பாங்க. நாலுன்னா குடிக்காம விலகிடுவாங்க. அஞ்சு..." அவர் சுவரில் மாட்டியிருந்த கொடியைப் பார்த்தார். "அஞ்சு நம்ம நாட்டுல கிடையாது."

"எங்களுது எத்தனைங்க?"

"நீங்க புகார் கொடுக்க வந்திருக்கீங்க. அதாவது, கவனத்தை இழுத்துட்டீங்க. கவனத்தை இழுத்த பிறகு தெரியற வாசனை எத்தனை? ரெண்டு. ரெண்டு வரைக்கும் அனுமதி உண்டு."

"நான் இழுக்கறதுக்கு முன்னாலயே நாறிச்சுங்களே."

"முன்னால யாராவது புகார் கொடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்ன?"

ஒரோஸ்பை யோசித்தார். எங்கேயோ கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. "சரிங்க, அந்த ரெண்டையே ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. பொண்ணு கல்யாணத்துக்குப் போதும்."

"மோந்து பாக்காம எழுதறதா? எங்களைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"அப்ப வந்து மோந்து பாருங்க."

"இப்ப முடியாது. என் மூக்கு விடுப்புல இருக்கு."

"நீங்க இங்கதான இருக்கீங்க?"

"நான் வேலைக்கு வந்திருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை மூக்குக்கு ஓய்வு குடுக்கணும்னு விதி. அது முடிஞ்சதும் ஆணையம் நேர்ல வரும்."

மூக்கு விடுப்பு முடிந்து ஒருநாள் ஆணையம் வருவதாகத் தகவல் வந்தது. முதல் நாளே கட்டடத்தில் திருவிழாக் களை. கிளாரா படிக்கட்டைத் தேய்த்துக் கழுவினாள், அதே தண்ணீரில். மைராம்கான் எண்ணெயில் பொரிக்கிற பொர்சோக்குக்கு மாவு பிசைந்துகொண்டே கணவனைக் கூப்பிட்டாள்.

"இந்தாங்க, ரெண்டு கேனை எடுத்துட்டு மலையடி ஊத்துக்குப் போயிட்டு வாங்க. டீக்குத் தண்ணி வேணும்."

"வேண்டாம் மைராம். அவங்க வர்றதே நம்ம தண்ணியப் பாக்கத்தான்."

"பாக்கட்டுமே. குழாய்ல பாக்கட்டும். என் கிண்ணத்துல எதுக்குப் பாக்கணும்? வீடு தேடி வந்தவங்களுக்கு நாத்தத் தண்ணியில டீ வெச்சேன்னு நாளைக்கு ஊரு பேசுமா பேசாதா?"

ஊர் என்று சொல்லும்போது கீழே என் ஜன்னலைப் பார்த்தாளாம். எனக்கென்ன தெரியும்?

ஒரோஸ்பை போய் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். இதை மடத்தனம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். எங்கள் கட்டடத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் மாடி வாத்தியார்தான் கார் கொடுத்தார்.

ஆணையம் என்றால் ஏகெம்பெர்தி சாதிகோவிச்சும் ஐதாரும்தான். வந்ததும் வேலையைப் பேசுவது மரியாதையா? முதலில் தேநீர். பாதிப் பாதியாக ஊற்றியதில் தலைவர் கிண்ணத்தை ஐந்து முறை நீட்டினார். பொர்சோக், பழப்பாகு, பிறகு வெங்காயமும் பூண்டும் போட்டு வறுத்த ஆட்டிறைச்சி. தட்டு காலியான பிறகு ஒரோஸ்பை மெல்ல எழுந்தார்.

"அப்ப... குழாயைத் திறக்கட்டுங்களா?"

தலைவர் வாயைத் துடைத்தார். "வெங்காயம், பூண்டு சாப்பிட்ட மூக்கால மதிப்பெண் போடக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா கவலைப்படாதீங்க, அதுக்கு முன்னாலயே டீ குடிச்சாச்சே! அதை வெச்சே போட்டுடறேன். ஐதார், எழுது. அருமையான தண்ணி. பூஜ்யம்."

ஒரோஸ்பையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அது குழாய்த் தண்ணி இல்லீங்க! ஊத்துத் தண்ணி!" என்று கத்திவிட்டார். மைராம்கான் அவர் தொடையில் கிள்ளியது பலன் தரவில்லை.

"அப்படீன்னா, ஆணையத்துக்கிட்ட இருந்து குழாய்த் தண்ணிய மறைச்சிருக்கீங்க," என்றார் தலைவர். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். "இவ்வளவு நல்ல குடும்பம்."

"மறைக்கலீங்க! இதோ, வாங்க!" ஒரோஸ்பை சமையலறைக்கு ஓடிக் குழாயைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு மூச்சு. தண்ணீர் வரவில்லை. தண்ணீர் மட்டும்தான் வரவில்லை. குதிரை மருந்து தனியாக வந்து சமையலறையை நிறைத்தது.

"ஆய்வு நடக்கிறப்ப தண்ணி தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வால்வை மூடச் சொல்லியிருக்கோம்," என்றார் ஐதார்.

"வாசனை வருதுங்களே!"

தலைவர் இரண்டடி பின்வாங்கினார். "தண்ணி இல்லாம வர்ற வாசனை எங்க துறை இல்ல. அது காத்துத் துறை."

பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. அன்று மாலை ஒரோஸ்பை சோற்றில் கை வைக்கவில்லை. பெர்மெத் அழுவாள் என்று நான் உப்புக் கடன் கேட்கிற சாக்கில் மாடி ஏறிப் போனேன். அவள் அழவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"அப்பா, இப்ப சர்க்காரே சொல்லிடுச்சு," என்றாள். "தண்ணியில ஒண்ணுமில்லையாம். அப்ப டீயில மருந்து வெச்சது நான்தான்."

"நான்தாம்மா கெடுத்தேன்," என்று தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள் மைராம்கான். "ஒரே ஒரு கிண்ணம் நாத்தத் தண்ணியக் குடுத்திருக்கக் கூடாதா நான்!"

அத்தோடு விட்டிருந்தால் பெர்மெத்துக்கு வேறு மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் ஆணையத்தால் விட முடியவில்லை. பூஜ்யம் வாங்கிய கட்டடம் நகரத்திலேயே எங்களுடையது ஒன்றுதானாம். எங்கள் முற்றத்தில் விழா வைத்து, 'வாசனையற்ற முன்மாதிரிக் கட்டடம்' என்று பித்தளைப் பலகை மாட்டப்போகிறார்களாம். கிளாரா தலைமுடியைச் சுருட்டிக்கொள்ளப் போனாள். பெர்மெத் ஜென்கிஷுக்குப் போன் போட்டாள்.

"உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. சர்க்கார் பேசுறதைக் கேக்கணும்னாங்களே, வந்து கேக்கட்டும். தோட்டுப் பெட்டியையும் எடுத்துட்டு வரச் சொல்லு. போடாட்டியும் பரவால்ல, பெட்டி பாரமில்ல."

விழா நாளன்று முற்றத்துப் பாப்ளார் மரத்தடியில் மேடை. பூருல்சா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி முதல் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது; நான் உட்கார்ந்தேன். ஆணையம் வந்த அன்று நடந்ததையெல்லாம் யாரோ அவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார்கள்.

ஏகெம்பெர்தி சாதிகோவிச் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"அன்பான குடிமக்களே! வாசனை என்பது என்ன? அது ஓர் அபிப்பிராயம். நம் முன்னோர்கள் தண்ணீரைக் குடித்தார்கள். நீங்கள் மோந்து பார்க்கிறீர்கள். எது உயர்ந்த பண்பாடு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எங்கள் ஆணையம் அமைந்த பிறகு இந்நகரில் வாசனை குறைந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாசனையைப் பற்றிய செய்திகள் பெருமளவு குறைந்துள்ளன! சிலர் கேட்கிறார்கள், நீங்கள் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்களா என்று. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், தினமும் பயன்படுத்துகிறேன். என் கார் இந்தத் தண்ணீரில்தான் பளபளக்கிறது. இந்தத் தண்ணீர் பூஜ்யம் என்றால் பூஜ்யம்! அதற்கு என் மூக்கே பொறுப்பு!"

கைதட்டல் அடங்குவதற்குள் பூருல்சா எழுந்தார்.

"பாவம், பேசிப் பேசித் தொண்டை காஞ்சுபோச்சு மனுசனுக்கு. பெர்மெத், ஒரு கிண்ணம் கொண்டாம்மா."

"டீயா, அம்மா?"

"டீ வேண்டாம். பச்சைத் தண்ணி. அந்தா, மரத்துக்கு ஊத்தற குழாய். என் கண்ணு முன்னால பிடி."

"ஐயையோ, வந்தவங்களுக்கு அந்தத் தண்ணியா!" என்று பின்னாலிருந்து மைராம்கான் பதறினாள். பழக்கம் விடுமா?

பெர்மெத் குழாயைத் திறந்தாள். முன்வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டது. பூருல்சா கிண்ணத்தை வாங்கிப் பார்த்து, "இன்னும்," என்றார். விளிம்பு வரை நிறைத்தாள். நிறைந்த கிண்ணத்துக்கு என்ன பொருள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பூருல்சா மேடையேறி, இரண்டு கைகளாலும் அதைத் தலைவரிடம் நீட்டினார்.

தலை நரைத்த பெண் இரு கையால் கொடுப்பதை யாரால் மறுக்க முடியும்? வாங்கிக்கொண்டார். முகவாய் வரைக்கும் கொண்டுபோனார். அவர் மூக்கு விடுப்பு முடிந்து நன்றாகத் தேறியிருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரிந்தது. கண்களில் நீர் கட்டியது.

"நான்... பணியில இருக்கேன், எஜே," என்று அக்கா முறை வைத்துச் சொன்னார்.

"அன்னைக்கும் பணியிலதான அஞ்சு கிண்ணம் குடிச்சீங்களாம்?"

தலைவர் கிண்ணத்தை மிகுந்த மரியாதையோடு, இரண்டு கையாலும், ஐதாரிடம் கொடுத்தார். ஐதாருக்கு வாசனை தெரியாவிட்டாலும் தலைவரின் முகம் தெரிந்தது. "எனக்கு வயிறு சரியில்ல," என்று கிளாராவிடம் கொடுத்தார். கிளாரா சுருட்டிய முடியைப் பின்னுக்குத் தள்ளி, "பெரியவங்க இருக்கிறப்ப நான் முதல்ல குடிக்கலாமா?" என்று பூருல்சாவிடமே கொடுத்துவிட்டாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

ஒரோஸ்பை நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"ஐயா," என்றாள் பெர்மெத், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்கிற அதே குரலில், "குடிக்காம விலகிட்டா அது எத்தனை மதிப்பெண்? அப்பா சொல்லியிருக்காங்க. நாலுதானே?"

தலைவர் மைக்கைப் பார்த்தார். அது அணைக்கப்படாமல் இருந்தது. அவர் விட்ட பெருமூச்சு முற்றம் முழுக்கக் கேட்டது.

"நாலோ நாப்பதோ," என்றார் பூருல்சா. "சர்க்கார் சொல்லிடுச்சு." கிண்ணத்தை மரத்தடியில் கவிழ்த்தார். கைப்பையைத் திறந்து, பெட்டியை எடுத்து, மேடை மேலேயே, பித்தளைப் பலகைக்கு முன்னால் பெர்மெத்துக்குத் தோடு போட்டுவிட்டார். வலது காதில் முதலில். பிறகு ஒரோஸ்பை பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, மருந்து வெச்சீங்கன்னு சொன்னதை நான் திருப்பி வாங்கிக்க மாட்டேன். எம்மவன் இன்னும் ஒழுங்காச் சாப்பிடறதில்ல. ஆனா மருந்து டீயில இல்ல, அவ்வளவுதான்."

ஒரோஸ்பை சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நடுவில் கிளாராவின் முடி மறைத்தது.

முதல் பனி விழுவதற்குள் பெர்மெத்துக்கும் ஜென்கிஷுக்கும் கல்யாணம் முடிந்து நரின் பக்கம் போய்விட்டார்கள். ஊற்றுத் தண்ணீர்த் தேநீர் சப்பென்று இருக்கிறது என்று தாய்க்குப் போனில் சொன்னாளாம். ஏகெம்பெர்தி சாதிகோவிச் பதவி உயர்வு பெற்றுக் காற்றுத் துறைக்கு மாறினார். நிலக்கரி அடுப்புகள் புகைகிற எங்கள் குளிர்காலத்துக்கு அவர் என்ன மதிப்பெண் போடுகிறார் என்று பார்க்கலாம். மூக்கு விடுப்பைக் குளிர்காலத்துக்கு மாற்றிக்கொண்டதாகக் கேள்வி. கிளாரா ஐதாரைக் கட்டிக்கொண்டாள். அவர் மூன்றாம் மாடிக்கே குடிவந்துவிட்டார். அவித்து மறந்த முட்டையைப் பற்றிக் கேட்டேன். "எந்த முட்டை, எஜே?" என்றார். எங்கள் கட்டடத்தில் நிம்மதியாக இருக்கிற ஒரே ஆள்.

பித்தளைப் பலகை இன்னும் வாசலில் இருக்கிறது. விழாவுக்குப் பிறகு ஆணையம் எங்களுக்குப் பெரிய மோட்டார் ஒன்று போட்டுக்கொடுத்தது. இப்போது ஐந்தாம் மாடிக்கும் தண்ணீர் ஏறுகிறது. போன வாரம் அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.